கால்கரியில் விரிசல் விட்ட மாமூத் தந்தக் கைப்பிடி: ஒரு மடக்குக் கத்தியின் நிகழ்வு ஆய்வு

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஒரு சிறு பட்டறையில் 2022-இல் செய்யப்பட்டு, கனடாவின் கால்கரி நகரத்திற்குப் போய்ச் சேர்ந்த ஒரு மடக்குக் கத்தியைப் பற்றியது இந்த ஆய்வு. அந்தப் பட்டறையில் நான் துணைக் கைவினைஞனாக வேலை செய்துகொண்டிருந்தேன். கைப்பிடித் தகடுகளைப் பொருத்திய கைகளில் என் கையும் ஒன்று என்பதால், இதில் சொல்லப்படும் பிழைகளில் எனக்கும் பங்கு உண்டு. பட்டறையை நடத்தியவரை இங்கே பெரியவர் என்றும், கத்தியைப் பெற்றுக்கொண்டவரை நிலவியலாளர் என்றும் குறிப்பிடுகிறேன்.

பின்னணி

ஷெஃபீல்டில் கத்தித் தொழில் பல நூற்றாண்டுப் பழமையுடையது. அத்தொழிலை ஒழுங்குபடுத்திய கட்லர்ஸ் கம்பெனி 1624-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியே நிறுவப்பட்டது. பெரிய ஆலைகள் எழுந்த பிறகும், ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தனியாகவோ ஓரிரு துணையாட்களுடனோ வேலை செய்த கைவினைஞர்கள் அங்கே நிலைத்திருந்தார்கள். அவர்களை அந்த ஊரார் 'லிட்டில் மெஸ்டர்' என்பார்கள். அந்த மரபில் பெயர்பெற்ற ஸ்டான் ஷா 2021-இல் தமது 94-ஆம் வயதில் மறைந்தார். எங்கள் பெரியவரும் அதே வழியில் வந்தவர். அலகை முத்திரையிடுவது முதல் கடைசி மெருகு வரை ஒரே கூரையின்கீழ் முடிப்பவர்.

பூட்டு இல்லாத மடக்குக் கத்திதான் இந்தப் பட்டறையின் அடையாளம். அலகின் அடிப்பகுதியை முதுகிலுள்ள வில்தகடு அழுத்திப் பிடித்திருக்கும். வேறு பிடிப்பு எதுவும் கிடையாது. நகக்குழியில் விரல்நகத்தை வைத்து அலகை இழுக்கும்போது, பாதி வழியில் ஒருமுறையும் முழுதாகத் திறந்தபின் ஒருமுறையும் அது தெளிவான ஓசையுடன் நிற்க வேண்டும். இதைத் தொழிலில் கத்தியின் 'நடையும் பேச்சும்' என்பார்கள். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு அந்த ஓசையைக் கேட்டே வில்லில் இன்னும் எத்தனை அரம் இழுக்க வேண்டும் என்று சொல்லிவிடுவார்.

19-ஆம் நூற்றாண்டில் ஷெஃபீல்டின் உயர்தரக் கத்திகளுக்கு ஆப்பிரிக்க யானைத் தந்தம் டன் கணக்கில் வந்திறங்கியது. அந்தக் காலம் முடிந்தது நல்லதே. பிரிட்டனின் 2018-ஆம் ஆண்டுத் தந்தச் சட்டம் 2022 ஜூன் 6 அன்று நடைமுறைக்கு வந்தபின், மிகச் சில விலக்குகளைத் தவிர யானைத் தந்தப் பொருள்களை வாங்கவோ விற்கவோ முடியாது. யானைக்கு உறவான கம்பளி மாமூத் அழிந்துபோன இனம் என்பதால், சைபீரியாவின் உறைநிலத்திலிருந்து எடுக்கப்படும் அதன் தந்தம் இந்தச் சட்டத்திற்குள் வரவில்லை. அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் பட்டியல்களிலும் இல்லை. 2019-இல் ஜெனீவாவில் நடந்த சைட்டீஸ் மாநாட்டில் மாமூத்தைப் பட்டியலில் சேர்க்க இஸ்ரேல் முன்மொழிந்து, பின்னர் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. யானைத் தந்தத்தை மாமூத் தந்தம் என்று சொல்லி விற்றுவிடுவார்கள் என்பதே அந்த முன்மொழிவின் அடிப்படைக் கவலை. அந்தக் கவலை நியாயமானது என்றே நான் கருதுகிறேன். நியூயார்க், கலிஃபோர்னியா போன்ற சில அமெரிக்க மாநிலங்கள் மாமூத் தந்த விற்பனையையும் தடைசெய்திருப்பதற்கு அதுவே காரணம். இந்தப் பொருளைக் கையாளும் எவரும் தாம் வைத்திருப்பது எது என்பதைக் காட்டக்கூடியவராக இருக்க வேண்டும். இந்த நிகழ்வில் அது எவ்வளவு தேவைப்பட்டது என்பது பின்னர் வரும்.

கேட்கப்பட்டதும் தேர்ந்தெடுக்கப்பட்டதும்

2022 பிப்ரவரியில் கால்கரியிலிருந்து ஒரு பெண்மணி எழுதினார். எண்ணெய் நிறுவனமொன்றில் நிலவியலாளராக இருந்த கணவர் அந்த ஆண்டு ஓய்வு பெறுவதாகவும், அவர் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் ஒரு கத்தியைப் பரிசாகத் தர விரும்புவதாகவும் சொன்னார். கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கும் பொருள் வேண்டாம், பழம் நறுக்கவும் கயிறு அறுக்கவும் உதவ வேண்டும் என்பதை அவர் இருமுறை வலியுறுத்தியிருந்தார். விலை 2,600 பவுண்டு என்று முடிவாயிற்று.

அலகுக்கு ஸ்வீடனின் சோடர்ஃபோர்ஸில் தூள் உலோக முறையில் செய்யப்படும் துருப்பிடிக்காத டமாஸ்கஸ் எஃகு தேர்ந்தெடுக்கப்பட்டது. நீளம் 70 மில்லிமீட்டர். வில்லின் முதுகில் கொடி வேலைப்பாட்டை அரத்தால் வெட்டினோம். கைப்பிடியின் முனையிலுள்ள பூண்களும், கைப்பிடித் தகடுகளுக்கு அடியில் இருக்கும் உட்தகடுகளும் நிக்கல் வெள்ளி என்ற கலப்பு உலோகம். அலகில் பட்டறை முத்திரை இருக்கும் பக்கத்தை முத்திரைப் பக்கம் என்றும், மறுபக்கத்தைப் பின்பக்கம் என்றும் சொல்வோம். முத்திரைப் பக்கத் தகட்டின் நடுவில் 18 காரட் தங்கத்தில் ஒரு சிறு கேடயம் பதித்தோம். இவற்றில் எதுவும் பின்னால் சிக்கல் தரவில்லை. ஆகவே இவற்றை இதோடு விட்டுவிடுகிறேன்.

சிக்கல் கைப்பிடிக்கான மாமூத் தந்தத்தில் இருந்தது. நாங்கள் அனுப்பிய ஐந்து துண்டுகளின் படங்களிலிருந்து, தந்தத்தின் வெளிப்பட்டை நீலமும் பச்சையுமாக மாறியிருந்த ஒரு துண்டை அந்தப் பெண்மணி தேர்ந்தெடுத்தார். எலும்பிலும் தந்தத்திலும் உள்ள பாஸ்பேட்டோடு மண்ணின் இரும்பு சேரும்போது விவியனைட் என்ற கனிமம் உருவாகிறது. காற்றுப் பட்டதும் அது நீலமாகிறது. கணவர் கனிமங்களோடு வாழ்ந்தவர் என்பதால் இந்தத் துண்டே அவருக்கு உகந்தது என்று அவர் எழுதியிருந்தார். அந்தத் தேர்வு எங்களுக்கும் மகிழ்ச்சி தந்தது. ஆனால் நிறமேறிய பட்டை அடர்த்தி குறைந்த பகுதி. அதனுள்ளே இருக்கும் தந்தமும் அதுவும் ஈரத்துக்கு ஒரே அளவில் இயங்குவதில்லை. அழகு எங்கே இருந்ததோ அங்கேயே பலவீனமும் இருந்தது. அதை அப்போது நாங்கள் பேசவே இல்லை.

செய்த விதம்

விற்ற வணிகர், துண்டு பல ஆண்டுகள் உலர்ந்தது என்று எழுதிக் கொடுத்திருந்தார். அதை நம்பி, எடை போடாமலேயே எடுத்து வைத்தோம். வைத்த இடம் நீர்ச் சாணைக்கல்லுக்குப் பின்னால் இருந்த அலமாரி. பழைய செங்கல் கட்டடம், ஷெஃபீல்டின் மழைக்காலம், அருகில் நாளெல்லாம் நீர் தெளிக்கும் கல். பின்னர் அந்த அலமாரியில் ஈரமானியை வைத்துப் பார்த்தபோது 68 சதவீதம் காட்டியது. வணிகரிடம் உலர்ந்திருந்ததோ இல்லையோ, எங்களிடம் இருந்த நான்கு மாதங்களில் தந்தம் அந்த ஈரத்தை வாங்கிக்கொண்டிருக்கும் என்பது உறுதி.

ஜூலையில் துண்டை நீளவாக்கில் பிளந்து, ஒன்றையொன்று கண்ணாடிப் படிமம்போல ஒத்த இரண்டு தகடுகள் எடுத்தோம். ஒவ்வொன்றும் 3.2 மில்லிமீட்டர் தடிமன், அகன்ற இடத்தில் 20 மில்லிமீட்டர் அகலம். தகட்டின் உட்பரப்பு முழுவதும் எப்பாக்சிப் பசை பூசி, நிக்கல் வெள்ளி உட்தகட்டின்மீது நேரடியாக ஒட்டினோம். பிறகு 1.5 மில்லிமீட்டர் ஆணிகளை, அதே அளவில் துளைத்த துளைகளில் செருகி, தலையைச் சிறு சுத்தியலால் தட்டிப் பரப்பி, குவிந்த பொட்டுகளாக மெருகேற்றினோம். ஆணியைத் தட்டும்போது அதன் உடலும் துளைக்குள் சற்றுப் பருக்கிறது. மான்கொம்பிலும் எலும்பிலும் இதே முறையில்தான் அந்தப் பட்டறை பல ஆண்டுகள் செய்து வந்தது. பெரிய குறை வந்ததில்லை. அந்தக் கத்திகளில் பெரும்பாலானவை பிரிட்டனிலேயே தங்கிவிட்டவை என்பதை நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை.

செப்டம்பர் கடைசியில் கத்தி கால்கரி சேர்ந்தது. நிலவியலாளரிடமிருந்து நன்றி மடல் வந்தது. அவர் தினமும் காலையில் அதைக்கொண்டு ஆப்பிள் நறுக்குவதாகச் சொன்னார்.

முதலில் கண்டது

2023 ஜனவரி இரண்டாம் வாரம் ஒரு படம் வந்தது. முத்திரைப் பக்கத் தகட்டில், முன் ஆணியிலிருந்து பூண் வரை தந்தத்தின் நீளவாக்கில் ஒரு கோடு. அதன் அகலம் ஒரு தாளின் தடிமனைவிடச் சற்று அதிகம். கேடயத்தின் ஓரத்தை விரலால் தடவினால், முன்பு தட்டுப்படாத ஒரு விளிம்பு தட்டுப்படுகிறது என்றும் எழுதியிருந்தார். தங்கம் அசையவில்லை, அதைச் சுற்றியிருந்த தந்தம் தாழ்ந்துவிட்டிருந்தது. அந்த ஒரு வரியே போதிய தடயம். அது அடிபட்ட விரிசலாக இருந்தால் விளிம்பு தட்டுப்படாது; தந்தம் முழுவதும் சுருங்கியிருக்கிறது என்பதையே அது காட்டியது. நாங்கள் அந்த வரியைப் படித்தோம், ஆனால் அதை அப்போது உணரவில்லை.

வீட்டின் வெப்பக் கருவியில் ஈரப்பதம் 19 சதவீதம் என்று காட்டுவதாக அவர் தெரிவித்தார். காரணம் எளியது. சுழிக்குக் கீழே 20 பாகையில் இருக்கும் காற்று ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிராம் நீரைத்தான் தாங்கும். அதே காற்றை வீட்டுக்குள் 21 பாகைக்குச் சூடாக்கினால் அது 18 கிராம் வரை தாங்கக்கூடியதாகிறது. நீர் சேர்க்கப்படாவிட்டால் ஒப்பு ஈரப்பதம் ஐந்தாறு சதவீதமாக விழும். சமையலும் குளியலும் மனித மூச்சும் சேர்ந்தே அதை 20-க்கு அருகில் உயர்த்துகின்றன. ஆக, 68-இல் பழகிய தந்தம் நான்கு மாதத்தில் 19-க்குப் போயிருந்தது.

முதல் முடிவும் அதன் விளைவும்

பெரியவர் தொலைபேசியில் சொன்ன யோசனை இது: கத்தியை மூடியுள்ள ஒரு டப்பாவில், நனைத்துப் பிழிந்த பஞ்சோடு, தொடாதபடி வைக்க வேண்டும்; தந்தம் ஈரத்தை வாங்கி மீண்டும் விரிந்து கோடு மூடிக்கொள்ளும். இதைச் சொன்னதற்கு அவரிடம் காரணம் இருந்தது. கத்தியைக் கடல் கடந்து திருப்பி அனுப்பும் தொல்லையைத் தவிர்க்கலாம், ஏதும் அழியாது, பலன் இல்லையென்றாலும் இழப்பு இல்லை. நானும் ஒப்புக்கொண்டேன்.

பத்து நாளில் கோடு மறைந்தது. நிலவியலாளர் மகிழ்ச்சியோடு படம் அனுப்பினார். கத்தியை வெளியே எடுத்து மறுபடி பையில் வைத்துக்கொண்டார். இரண்டு வாரம் கழித்துக் கோடு திரும்பி வந்தது. முன்பைவிட அகலமாக, நடு ஆணியைத் தாண்டி நீண்டு. கூடவே பின் ஆணியிலிருந்து இன்னொரு மெல்லிய கோடும் கிளம்பியிருந்தது.

இழப்பு இல்லை என்ற எங்கள் கணிப்பு தவறு. ஈரம் ஏறும்போது தந்தம் எல்லாப் பக்கமும் ஒரே வேகத்தில் விரிவதில்லை. மேற்பரப்பு முதலில் விரிந்து, பசையால் பிடிக்கப்பட்ட அடிப்பரப்பு பின்தங்குகிறது. மறுபடி உலரும்போது அதே இழுபறி எதிர்த்திசையில் நடக்கிறது. ஏற்கெனவே கிழிந்த இடம் ஒவ்வொரு சுற்றிலும் இன்னும் கொஞ்சம் கிழியும். விரிசல் மூடியதை நாங்கள் குணமாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டோம். உண்மையில் விரிசல் கண்ணுக்கு மறைந்திருந்தது, அவ்வளவே.

கத்தி திரும்பி வந்த வழி

மார்ச்சில் கத்தியைத் திருப்பி அனுப்பும்படி கேட்டோம். இம்முறை இரண்டு விஷயங்களில் முன்னெச்சரிக்கையாக இருந்தோம். ஒன்று, ஷெஃபீல்டின் ஈரத்தில் விரிசல் மறுபடி மூடிக்கொண்டால் உண்மை நிலை தெரியாமல் போகும் என்பதால், உலர்ந்த சிலிக்கா மணிப் பைகளோடு காற்றுப் புகாத உறையில் வைத்து அனுப்பச் சொன்னோம். மற்றொன்று சுங்கம்.

சுங்கப் படிவத்தில் அவர் 'தந்தக் கைப்பிடி' என்று மட்டும் எழுதிவிட்டார். பொட்டலம் நிறுத்தி வைக்கப்பட்டது. யானைத் தந்தமா மாமூத் தந்தமா என்பதைப் பிரித்தறிய உதவுவது ஷ்ரெகர் கோடுகள். தந்தத்தைக் குறுக்கே வெட்டினால், அதன் வெளிப்பகுதியில் இருபுறமும் சாய்ந்து ஒன்றையொன்று வெட்டும் கோடுகள் தெரியும். மாமூத்தில் அந்தக் கோணம் பொதுவாக 90 பாகைக்குக் குறைவு. யானையில் 115 பாகைக்கு மேல். ஆனால் கத்தியின் தகடு நீளவாக்கில் வெட்டப்பட்டது. அதில் கோடுகள் தெரியாது. நல்லவேளையாக, அதே தந்தத்தின் மிச்சத் துண்டுகளை நாங்கள் எறிந்துவிடவில்லை. ஒரு துண்டின் குறுக்கு முகத்தை மெருகேற்றிப் படமெடுத்து, கோணத்தை அளந்து குறித்து, வணிகரின் ரசீதோடும் மாமூத்தின் அறிவியல் பெயரோடும் அனுப்பி வைத்தோம். ஒன்பதாம் நாள் பொட்டலம் விடுவிக்கப்பட்டது. அதிகாரிகள் கேட்டதில் எந்தத் தவறும் இல்லை. முதல் நாளிலேயே கத்தியோடு போயிருக்க வேண்டிய சான்றை நாங்கள் அனுப்பாததே தவறு.

சோதனை

கத்தியைத் தொடுவதற்கு முன்பு மிச்சத் துண்டுகளைச் சோதித்தோம். அலமாரியிலேயே கிடந்த ஒரு துண்டின் எடை 9.62 கிராம், அகலம் 24.00 மில்லிமீட்டர், நீளம் 41.10 மில்லிமீட்டர். ஒரு பிளாஸ்டிக் உணவுப் பெட்டியின் அடியில், மெக்னீசியம் குளோரைடு உப்பை முழுதும் கரையாமல் தங்கும் அளவுக்கு நீரில் குழைத்து ஒரு கிண்ணத்தில் வைத்தோம். அந்தக் குழம்பு இருக்கும்வரை அறை வெப்பத்தில் பெட்டியின் ஈரப்பதம் ஏறத்தாழ 33 சதவீதத்தில் நிற்கும். விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. துண்டை அதற்குள் ஒரு கம்பி வலைமீது வைத்து, திங்கட்கிழமைதோறும் எடை போட்டேன்.

ஏழாவது வாரம் எடை மாறுவது நின்றது. 9.33 கிராம். அகலம் 23.79. நீளமோ 41.08. அதாவது நீளவாக்கில் ஏறக்குறைய மாற்றமே இல்லை. அகலவாக்கில் மட்டும் 0.21 மில்லிமீட்டர் சுருக்கம். 20 மில்லிமீட்டர் அகலமுள்ள தகட்டில் அது 0.17 மில்லிமீட்டருக்கு மேல் வரும். கால்கரியின் 19 சதவீதத்தில் இன்னும் கூடும். அடியில் ஒட்டியிருந்த நிக்கல் வெள்ளி கொஞ்சமும் சுருங்காது. அகலம் முழுவதும் பசை பிடித்திருந்ததால் தந்தத்துக்கு ஒதுங்க இடமில்லை. ஆணித்துளையின் விளிம்பு ஏற்கெனவே ஆணியின் பருமனால் இறுக்கத்தில் இருந்தது. விரிசல் அங்கே தொடங்கி, தந்தத்தின் நார்த்திசையில் பூணை நோக்கி ஓடியது. முன் ஆணி சரியாக நீலப் பட்டையின் எல்லையில் இறங்கியிருந்ததை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தபோதுதான் கவனித்தோம்.

இரண்டாம் முடிவு

எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. இரு தகடுகளையும் கழற்றிவிட்டு வேறு தந்தம் போடுவது முதலாவது. செலவு கூடினாலும் வேலைக்கு அதுவே பாதுகாப்பு. விரிசலை அப்படியே நிரப்பிவிடுவது இரண்டாவது. முத்திரைப் பக்கத் தகட்டை மட்டும் கழற்றி, முழுதாக உலர்த்தி, மீண்டும் வேறு முறையில் பொருத்துவது மூன்றாவது. பெரியவர் முதல் வழியையே விரும்பினார். பணத்தைத் திருப்பித் தரவும் முன்வந்தார். நிலவியலாளர் இரண்டையும் மறுத்துவிட்டார். மனைவி பார்த்துத் தேர்ந்தெடுத்த துண்டு அது; விரிசலோடு இருந்தாலும் அதுவே வேண்டும் என்றார். இரண்டாவது வழியில், உலர்ந்து முடியாத தந்தத்தின் விரிசலை அடைத்தால் அடுத்த குளிரில் பக்கத்தில் வேறொன்று பிறக்கும். எனவே மூன்றாவது வழியை எடுத்தோம்.

விரிசல் விடாத பின்பக்கத் தகட்டை என்ன செய்வது என்பதில் எங்களுக்குள் பேச்சு நீண்டது. கழற்றும்போது நல்ல தகடும் உடையலாம். ஒரு முழுக் குளிர்காலத்தைத் தாங்கிவிட்டது. அதில் பட்டைப் பகுதியும் குறைவு. இவை மூன்றும் உண்மைதான். தொடாமல் விட்டோம்.

சீரமைப்பு

எப்பாக்சியை இளக்க வெப்பம் போதும். ஆனால் அந்த வெப்பம் தந்தத்தைக் கெடுத்துவிடும். அதனால் முத்திரைப் பக்க ஆணித்தலைகளைத் துளைத்தெடுத்துவிட்டு, நகை வேலைக்கான நுண்ணிய ரம்ப இழையைத் தந்தத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே செருகி, பசையை அறுத்தோம். இரண்டு நாள் ஆயிற்று. இழை சற்றே மேலே ஏறினாலும் தந்தம் தேயும். கீழே இறங்கினால் இழை அறும். பதினோரு இழைகள் அறுந்தன. இரண்டாம் நாள் மாலை தகடு உட்தகட்டை விட்டுப் பிரிந்தபோது, விரிசல் வழியே இரண்டு பட்டைகளாகவே கையில் வந்தது. விரிசல் அடிவரை போயிருந்தது என்பது அதுவரை எங்களுக்குத் தெரியாது.

பட்டைகளை உப்புப் பெட்டியில் ஏழு வாரம் வைத்தோம். உலர்ந்தபின் சேர்த்துப் பார்த்தால் ஓரங்கள் பொருந்தவில்லை. ஒரு முனையில் 0.3 மில்லிமீட்டர் இடைவெளி, மறு முனையில் ஒன்றுமில்லை. ஓரங்களை அரத்தால் இழைத்துப் பொருத்தியிருக்கலாம். அப்படிச் செய்தால் தகடு ஒடுங்கிவிடும்; நீலப் படிவத்தின் தொடர்ச்சியும் அறுந்துபோகும். அதனால் இடைவெளியை அப்படியே விட்டு, மிச்சத் துண்டை அரைத்தெடுத்த தந்தப் பொடியைப் பசையில் குழைத்து நிரப்பினோம். வெளிச்சத்தைச் சாய்த்துப் பார்த்தால் அந்தக் கோடு தெரியும். அது தெரியும் என்பதைப் படத்தோடு முன்கூட்டியே அவருக்குச் சொன்னோம்.

பொருத்தும் முறையை மாற்றினோம். உலோகத்துக்கும் தந்தத்துக்கும் இடையே 0.4 மில்லிமீட்டர் இழைத்தாளை மெத்தையாக வைத்தோம். பசையை நடுவே ஓர் ஒடுங்கிய பட்டையாக மட்டும், இறுகிப் போகாமல் இழுபடும் வகையில் போட்டோம். தந்தத்திலுள்ள துளைகளை 1.7 மில்லிமீட்டராக அகலப்படுத்தி, ஆணியின் தலை மட்டும் பிடிக்கும்படி மெல்லத் தட்டினோம். கத்தி 2023 ஆகஸ்டில் திரும்பிப் போனது. இம்முறை குறுக்குவெட்டுத் துண்டு ஒன்றும், மாமூத் என்று தெளிவாக எழுதிய தாளும் அதோடு சென்றன.

அதன் பிறகு

2024 ஜனவரி நடுவில் ஆல்பர்ட்டா மாகாணத்தைக் கடுங்குளிர் தாக்கியது. 13-ஆம் தேதி மாலை, மின்சாரத்தைக் குறைத்துப் பயன்படுத்தும்படி மக்களின் கைப்பேசிகளுக்கு அவசர அறிவிப்பு வந்தது. நிலவியலாளர் வீட்டில் ஈரமூட்டும் கருவியை அன்று நிறுத்தினார்கள். சன்னல்களில் உறைபனி கட்டியதால் அந்த வாரம் முழுவதும் அதை மீண்டும் போடவில்லை. ஈரப்பதம் 12 சதவீதம் வரை இறங்கியது. நாங்கள் கழற்றிச் சீர்செய்த முத்திரைப் பக்கத்தில் எதுவும் நடக்கவில்லை. கழற்றாமல் விட்ட பின்பக்கத் தகட்டில், நடு ஆணியிலிருந்து மயிரிழை போன்ற ஒரு விரிசல் கிளம்பியது.

ஒரு குளிர்காலத்தைத் தாங்கியது பாதுகாப்புக்குச் சான்று என்று நாங்கள் எடுத்துக்கொண்டிருந்தோம். ஆனால் பின்பக்கத் தகடும் அதே பசையில், அதே இறுக்கமான ஆணிகளில், அதே உலோகத்தின்மீது இருந்தது. காரணத்தைக் கண்டுபிடித்த பிறகு அந்தக் காரணம் பொருந்தும் எல்லா இடத்தையும் திருத்த வேண்டியவர்கள், விளைவு தெரிந்த இடத்தை மட்டும் திருத்தினோம். இந்த நிகழ்வில் என்னை மிகவும் உறுத்தும் முடிவு இதுதான். ஈரப் பஞ்சு யோசனையை நாங்கள் அறியாமல் சொன்னோம். இதை அறிந்தே செய்தோம்.

பெரியவர் மறுபடியும் கத்தியைத் திருப்பி அனுப்பச் சொன்னார். செலவு முழுவதும் தம்முடையது என்றார். நிலவியலாளர் மறுத்துவிட்டார். ஒன்பது நாள் சுங்கத்தில் கிடந்ததும், ஐந்து மாதம் கையில் இல்லாமல் போனதும் போதும் என்றார். விலையில் பாதியைப் பெரியவர் திருப்பி அனுப்பினார்; அதை அவர் ஏற்றுக்கொண்டார். விரிசல் அசையாமல் நின்றபின், கோடைக்கு முன்னால் மெல்லிய உடனடிப் பசையை ஊசிமுனையால் அதில் இறக்கும்படி எழுதிக் கொடுத்தோம். அவர் அதைத் தாமே செய்தார்.

மாற்றியவையும் மாற்ற வேண்டியவையும்

தந்தம், எலும்பு, கொம்பு எதுவானாலும் பட்டறைக்குள் வந்த அன்றே எடை போட்டு, தேதியோடு துண்டின்மேலேயே எழுதுகிறோம். எடை மூன்று வாரம் தொடர்ந்து மாறாமல் நின்றால்தான் ரம்பத்தைத் தொடுகிறோம். அலமாரி சாணைக்கல் அறையிலிருந்து மாடிக்குப் போய்விட்டது. கத்தி கேட்பவரிடம் முதல் கேள்வியாகவே அது எந்த ஊரில், எப்படிப்பட்ட வீட்டில் இருக்கப்போகிறது என்று கேட்கிறோம். கால்கரி போன்ற ஊருக்கு 33 சதவீதத்தில் பழக்கிய தந்தம், சிங்கப்பூர் போன்ற ஊருக்கு வேறு. நிறமேறிய பட்டையின் எல்லையில் ஆணி இறங்காதபடி தகட்டை வரைகிறோம். முழுப்பரப்பிலும் பசை பூசுவதை நிறுத்திவிட்டோம். குறுக்குவெட்டு முகம் உள்ள ஒரு துண்டும், வாங்கிய ரசீதின் நகலும் ஒவ்வொரு மாமூத் கத்தியோடும் செல்கின்றன. விரிசல் கண்டால் ஈரப்படுத்தாமல், எண்ணெய் தடவாமல், எங்களுக்கு எழுதும்படி ஓர் அட்டையும் வைக்கிறோம்.

ஒன்றில் மட்டும் இன்னும் உடன்பாடு இல்லை. தகட்டை உட்தகட்டின் உள்ளிருந்து சிறு திருகாணிகளால் பிடித்தால், எதிர்காலத்தில் எவரும் ரம்ப இழை இல்லாமல் அதைக் கழற்றலாம். தந்தம் நகரவும் இடம் இருக்கும். இதைச் செய்ய வேண்டும் என்பது என் கருத்து. தட்டிப் பரப்பிய ஆணி இல்லாத கத்தி ஷெஃபீல்டுக் கத்தி ஆகாது என்பது பெரியவரின் கருத்து. அகலமான துளையும் நடுப் பட்டைப் பசையும் போதும் என்கிறார். முத்திரைப் பக்கத் தகடு 12 சதவீதத்தையும் தாங்கியது அவர் பக்கத்துச் சான்று. தாங்காத தகட்டைக் கழற்ற வழியில்லாமல் போனது என் பக்கத்துச் சான்று.

2025 மார்ச்சில் நிலவியலாளர் கடைசியாக அனுப்பிய படத்தில், பின்பக்க விரிசலின்மேல் ஓர் அளவுகோலை வைத்திருந்தார். அதன் நீளம் 14 மில்லிமீட்டர். ஓராண்டுக்கு முன் இருந்த அதே அளவு. படத்தின் ஓரத்தில் பாதி நறுக்கிய ஆப்பிள் ஒன்று இருந்தது.